பள்ளிச் சீண்டலும் பார்த்து நிற்போரும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நகை என்னும் மெய்ப்பாடு பிறப்பதற்குத் தொல்காப்பியம் நான்கு நிலைக்களன்களைக் கூறி, அவற்றுள் எள்ளலை முதலாவதாக வைக்கிறது. அதற்கு உரை கண்ட பேராசிரியர், எள்ளல் இருவகைப்படும் என்பார். ஒருவன் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை இகழ்ந்தபோது தானும் சிரிப்பது மற்றொன்று. இவ்விரண்டாவது வகையைப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு பையனை நால்வர் பட்டப்பெயரிட்டு அழைக்கின்றனர், வகுப்பு சிரிக்கிறது, அழைக்கப்பட்டவனும் சிரிக்கிறான். வாயிலில் நின்று பார்க்கும் ஆசிரியர், 'பிள்ளைகள் விளையாடுகிறார்கள்' என்று கடந்து போகிறார். அவன் சிரித்ததோ அழாமல் இருப்பதற்காக. அச்சிரிப்பின் பொருளைப் பெரியவர்கள் உணராமையால் பல பள்ளிகளில் இக்கொடுமை ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

ஆங்கிலத்தில் புல்லியிங் என்று வழங்குவதற்குத் தமிழில் இன்னும் நிலைத்த சொல் ஒன்று அமையவில்லை. கல்லூரிகளில் மூத்த மாணவர் புதியவரை வருத்துவதற்குப் பகடிவதை என்னும் சொல் வந்துவிட்டது. 1997இல் தமிழ்நாட்டில் அதனைத் தடுக்கும் சட்டமும் வந்தது. பள்ளிப் பிள்ளைகளிடையே நிகழ்வது சற்று வேறானது. கல்லூரிப் பகடி பெரும்பாலும் முதலாண்டோடு ஓயும். பள்ளியில் நிகழ்வதோ ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை தொடரக்கூடும். ஆகவே இவ்வுரையில் அது 'தொடர்சீண்டல்' என்று குறிக்கப்படுகிறது. சொல் எதுவாயினும் பொருள் தெளிவாக இருத்தல் வேண்டும். இருவர் சம வலிமையோடு சண்டையிட்டுக்கொள்வது தொடர்சீண்டல் ஆகாது. வலியவன் ஒருவனோ, பலர் கூடியோ, எதிர்த்து நிற்க இயலாத ஒருவனை வேண்டுமென்றே, மீண்டும் மீண்டும் துன்புறுத்துவதே அது. அடிப்பது மட்டுமன்று, பட்டப்பெயர் இடுவது, புத்தகப்பையை ஒளிப்பது, சாப்பாட்டுக் காசைப் பிடுங்குவது, பேசாமல் ஒதுக்கி வைப்பது, வதந்தி பரப்புவது யாவும் அதனுள் அடங்கும். மாணவியரிடையே ஒதுக்கி வைத்தலே மிகுதி. அதில் காயம் தெரியாது, ஆதலின் புகாரும் வராது.

இவ்வரையறையை வகுத்தவர் டான் ஓல்வேயஸ் என்னும் உளவியல் அறிஞர். சுவீடனில் பிறந்து, நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர், 2020இல் மறைந்தார். பள்ளிச் சீண்டலை 'பிள்ளைகள் வளரும்போது இதெல்லாம் இயல்பு' என்று உலகம் தள்ளி வைத்திருந்த 1970களில் அதனை முறையாக ஆராயத் தொடங்கியவர் அவர். 1982ஆம் ஆண்டின் இறுதியில் நார்வேயின் வடபகுதியில், பதினான்கு வயதுக்கு மேற்படாத சிறுவர் மூவர் உயிரை மாய்த்துக்கொண்டனர். உடன் படித்தோரின் கொடுமையே காரணமாகலாம் என்று செய்தித்தாள்கள் எழுதின. நாடே கலங்கிற்று. மறு ஆண்டே அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. பெயர் எழுதாமல் விடையளிக்கும் வினாத்தாள்கள் பள்ளிகட்கு அனுப்பப்பட்டன. தொடக்க, நடுநிலை வகுப்பு மாணவருள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் சீண்டப்படுவோராகவோ சீண்டுவோராகவோ இருந்தமை அதனால் தெரியவந்தது.

பெர்கன் நகரில் 42 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,500 மாணவரிடையே ஓல்வேயஸ் தம் முறையைச் செயற்படுத்தி, இரண்டாண்டுகள் தொடர்ந்து அளந்து பார்த்தார். சீண்டல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவர் செய்தவை எவையும் பெருஞ்செலவு உடையன அல்ல. இடைவேளையில் ஆசிரியர்கள் விளையாட்டிடத்தில் நின்றனர். வகுப்புதோறும் மாணவரோடு கலந்து சில விதிகள் எழுதப்பட்டன. வாரந்தோறும் வகுப்புக் கூட்டம் நடந்தது. சீண்டியவரையும், சீண்டப்பட்டவரையும், இருசாரார் பெற்றோரையும் தனித்தனியே அழைத்துப் பேசினர். அவர் ஆய்வில் கண்ட மற்றொரு செய்தி பெற்றோர் பலர்க்கு வியப்பளிக்கும். பருமன், மூக்குக்கண்ணாடி, முடியின் நிறம், பேச்சின் வழக்கு ஆகியவற்றால்தான் பிள்ளை சீண்டப்படுகிறான் என்று யாவரும் எண்ணுகின்றனர். ஆய்வோ அதனை ஒப்பவில்லை. சீண்டப்பட்டோரிடம் அத்தகைய புற வேறுபாடுகள் மற்றவரினும் மிகுதியாகக் காணப்படவில்லை. குறை யாரிடந்தான் இல்லை? சீண்டுபவன் முதலில் எதிர்க்கமாட்டாதவனைத் தேர்கிறான். பிறகுதான் அவனிடம் குறை தேடுகிறான். ஆகையால் 'நீ கொஞ்சம் மெலிந்தால் கேலி நின்றுவிடும்' என்று பிள்ளைக்கு அறிவுரை கூறுதல் வீண். கூறுபவர் தம்மை அறியாமலே சீண்டுபவன் சொன்னதை வழிமொழிகின்றார்.

இக்கொடுமைக்குச் சுவீடன், நார்வே நாட்டார் முதலில் வழங்கிய பெயர், கூட்டம் ஒருவனைச் சூழ்ந்து தாக்குதல் என்னும் பொருளுடையது. பறவைகள் கூடி ஓர் எதிரியை விரட்டுவதைக் குறிக்க விலங்கியலார் ஆண்ட சொல்லிலிருந்து அது பிறந்தது. ஆந்தையைக் காக்கைகள் சூழ்வதைக் கண்டோர் அதன் பொருத்தத்தை உணர்வர். ஓல்வேயஸுக்கு அச்சொல் உடன்பாடன்று. பெரும்பாலும் துன்புறுத்துவோர் ஓரிருவரே. கூட்டம் என்றால் அவ்வோரிருவரின் பொறுப்பு மறைந்துவிடும் என்பது அவர் கருத்து. அப்படியாயின் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றனர்?

இவ்வினாவுக்கு விடை தேடியவர் பின்லாந்து நாட்டின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சால்மிவள்ளி. 1996இல் அவரும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவரிடம் ஒவ்வொருவரும் எந்நிலையில் நிற்கின்றனர் என்று உடன் படிப்போரைக் கொண்டே கேட்டறிந்தனர். முன்னின்று சீண்டுவோர் ஏறத்தாழ 8 விழுக்காடு. அவர்க்குக் கைகொடுப்போர் 7 விழுக்காடு. சிரித்தும் கைதட்டியும் ஊக்குவோர் 20 விழுக்காடு. ஒன்றும் அறியாதார் போல் ஒதுங்குவோர் 24 விழுக்காடு. சீண்டப்பட்டவர்க்குத் துணை நிற்போர் 17 விழுக்காடு. இக்கணக்கை நாற்பது பேர் கொண்ட ஒரு தமிழ்நாட்டு வகுப்பில் பொருத்திப் பார்த்தால், சீண்டுவோர் மூவர் அளவே, சிரிப்போர் எண்மர், ஒதுங்குவோர் ஒன்பதின்மர் அல்லது பதின்மர். அம்மூவர்க்கும் வேண்டியது அந்த எண்மரின் சிரிப்பு. பதின்பருவத்தில் உடன் படிப்போரின் மதிப்பைக் காட்டிலும் பெரிய பரிசில் வேறில்லை. அப்பரிசிலை நாள்தோறும் அளித்துக்கொண்டே சீண்டலை ஒழிக்க முயல்வது, அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே பால் பொங்கக்கூடாது என்று கூறுவது போலாகும்.

கனடாவில் தொடக்கப் பள்ளி விளையாட்டிடங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் 2001இல் வெளியிட்ட முடிவு இதற்கு வலிவூட்டுகிறது. சீண்டல் நிகழ்ந்த வேளைகளுள் 88 விழுக்காட்டில் உடன் படிப்போர் சுற்றி இருந்தனர். அவர்கள் தலையிட்டதோ 19 விழுக்காட்டில் மட்டுமே. ஆனால் அவ்வாறு தலையிட்டவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பத்து நொடிக்குள் பயன் தந்தன. பத்து நொடி! தலைமையாசிரியர் அறையிலிருந்து விளையாட்டிடத்துக்கு நடந்து செல்வதற்கே அதனினும் நேரம் ஆகும்.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு பின்லாந்துக் கல்வி அமைச்சகத்தின் உதவியோடு 2006இல் 'கிவா' என்னும் திட்டம் உருவாகத் தொடங்கியது. சீண்டலுக்கு எதிராக என்று பொருள்படும் பின்னியத் தொடரின் சுருக்கம் அது. அம்மொழியில் கிவா என்றால் 'இனியது' என்றும் பொருள். சீண்டுபவனைத் திருத்துவதோடு நில்லாமல், பார்த்து நிற்போரை மாற்றுவதே அதன் நோக்கம். மாணவர்க்கு ஆண்டு முழுவதும் பாடவேளை உண்டு; 'சிரித்தால் யாருக்கு உதவுகிறாய்?' என்பது போன்றவற்றை நடித்தும் உரையாடியும் கற்கின்றனர். ஒரு நிகழ்ச்சி வெளிப்பட்டால், பள்ளியிலுள்ள மூவர் கொண்ட குழு முதலில் பாதிக்கப்பட்டவரைத் தனியே சந்திக்கிறது. பின்னர்ச் சீண்டியோரை ஒருவர் பின் ஒருவராகச் சந்திக்கிறது. அதன்பின் வகுப்பாசிரியர், வகுப்பில் மதிப்புப் பெற்ற இருவர் மூவரை அழைத்து, 'இன்னாருக்குத் துணையாக இருங்கள்' என்று வேண்டுகிறார். சில வாரங்கள் கழித்து மீண்டும் அழைத்து, நின்றதா என்று உறுதி செய்கின்றனர். பள்ளிகள் பெரிதும் தவறவிடுவது இவ்விறுதிப் படியையே. கண்டித்தாயிற்று, எழுதி வாங்கியாயிற்று, முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகின்றனர்.

இத்திட்டத்தின் பயன் தொடக்க வகுப்புகளில் தெளிவாகவும், ஏழு முதல் ஒன்பதாம் வகுப்புகளில் குறைவாகவும் இருந்தது என்பதையும் மறையாது கூறவேண்டும். அவ்வயதில் பெரியவர் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. பத்தாம் வகுப்பில் வந்து அறிவுரை தொடங்குவது காலம் கடந்த செயல். ஆறாம் வகுப்பில் புதுப்பள்ளியில் சேரும் அந்த ஜூன் மாதமே உரிய காலம்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருதல் பொருந்தும். இங்கு வகுப்பறைக்குள் மற்றொன்றும் நுழைந்து அமர்ந்திருக்கிறது, அது சாதி. 2023 ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் நிகழ்ந்ததை யாரும் மறந்திருக்க இயலாது. பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், உடன் படித்தோர் சிலரின் தொல்லை பொறாது பள்ளிக்குச் செல்லாதிருந்தார். காரணம் கேட்ட ஆசிரியரிடம் நடந்ததைக் கூறினார். கூறியது அவர்கட்குத் தெரிந்தது. இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். இதனைச் சீண்டல் என்னும் சிறு சொல்லுக்குள் அடக்குதல் தகாது. அது சாதி வன்கொடுமை. ஆயினும் அது முளைத்த இடம் ஒரு பள்ளி. அரசு, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக அமைத்தது. அவர்தம் அறிக்கை 2024 ஜூனில் அளிக்கப்பட்டது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டுவதைத் தடை செய்தல், பள்ளிகளில் மாணவர் நல அலுவலரை அமர்த்துதல் முதலிய பரிந்துரைகள் அதில் உள்ளன.

புகார் செய்யும் பிள்ளையைக் காப்பாற்றும் ஏற்பாடு இல்லாத இடத்தில், 'ஏன் முன்பே சொல்லவில்லை?' என்று கேட்கும் உரிமை பெரியவர்க்கு இல்லை. அந்த மாணவர் சொன்னார். சொன்னதன்பின் அவரைக் காக்க வேண்டிய வேலி அங்கு இல்லை.

இவ்வேலியைக் குறித்துச் சற்று விரிவாகவே கூறவேண்டும். புகார் வந்ததும் நல்ல ஆசிரியர் பலரும் செய்யும் ஒரு செயல், இருவரையும் ஒன்றாக நிறுத்தி, விசாரித்து, கைகுலுக்க வைத்து அனுப்புவதாகும். சமமானவர் பூசலுக்கு அது நன்று. தொடர்சீண்டலுக்கோ அது நஞ்சு. வலியவன் எதிரில் நின்று மெலியவன் உண்மை பேச இயலாது. பேசினால் மாலையில் பேருந்து நிறுத்தத்தில் அதற்கு விலை உண்டு. ஆகவே பாதிக்கப்பட்டவரைத் தனியே கேட்க வேண்டும். நாள், இடம், உடனிருந்தோர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின் சில நாள் ஆசிரியர் தாமே அவ்விடத்தில் நின்று கண்ணால் காணவேண்டும். கண்ட பிறகு, 'இவன் சொன்னான்' என்றில்லாமல், 'நான் பார்த்தேன்' என்று கூறிச் சீண்டியோரை அழைக்கலாம். அழைக்கும்போது ஒருவரை முடித்த உடனே அடுத்தவரை அழைத்தல் வேண்டும். இடையே கலந்து பேசிக் கதை கட்ட நேரம் அளித்தலாகாது. அன்று வீடு திரும்பும் வழியில் அப்பிள்ளைக்குத் துணை யார் என்பதையும் முன்பே முடிவு செய்தல் வேண்டும். தாக்குதல், மிரட்டல், சாதி இழிவு என்னும் நிலைக்குச் சென்றுவிட்டால் அது பள்ளிக்குள் பேசித் தீர்க்கும் பொருளன்று. பெற்றோரோடு சேர்ந்து காவல்துறைக்குத் தெரிவித்தலே முறை.

அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்னும் பெட்டி வைக்கப்பட்டுள்ளது. நல்ல ஏற்பாடு. எனினும் எல்லோர் கண்ணிலும் படும் நடைவழியில் அது தொங்குமானால், தாள் இடும் பிள்ளையை யாவரும் அறிவர். நூலகத்தின் உள்ளே, புத்தகம் எடுக்கச் செல்வது போல் சென்று இடக்கூடிய இடத்தில் வைத்தால் அதே பெட்டி பேசத் தொடங்கும்.

சீண்டுபவனைப் பற்றியும் ஒரு சொல். அவனைப் பள்ளியை விட்டு நீக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுவோர் உளர். ஓல்வேயஸ் தொடர்ந்து கவனித்த ஆண் பிள்ளைகளுள், பள்ளிப் பருவத்தில் சீண்டியோர் எனக் குறிக்கப்பட்டவரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் இருபத்து நான்கு வயதுக்குள் ஒருமுறையேனும் நீதிமன்றத் தண்டனை பெற்றிருந்தனர். தடுத்து நிறுத்துவது அவனுக்கும் செய்யும் நன்மை. ஆனால் நடைமுறையில் பள்ளியை விட்டுச் செல்பவன் யார்? மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு செல்பவன் பெரும்பாலும் சீண்டப்பட்டவனே. குற்றம் செய்யாதவன் ஊர் மாறுகிறான். மற்றவன் அதே பெஞ்சில் அமர்ந்து அடுத்தவனைத் தேடுகிறான்.

ஆசிரியரே பட்டப்பெயர் சூட்டும் வகுப்பில் இவற்றுள் எதுவும் பயன்படாது. 'குண்டு', 'மக்கு' என்று மேசையிலிருந்து வரும் சொல் மறுநாள் எல்லோர்க்கும் உரிமையாகிவிடும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்தை வருத்துதலையும் தடை செய்திருக்கிறது. பிரம்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. நாக்கு இன்னும் மறையவில்லை.

இல்லத்துக்கு வருவோம். பிள்ளை வாய் திறந்து கூறாவிடினும் சில குறிகள் கூறும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் கழிப்பறைக்கு ஓடினால், பள்ளிக் கழிப்பறைக்குச் செல்ல அஞ்சுகிறதோ என்று எண்ணுதல் வேண்டும். ஆசிரியர் கண் படாத இடம் அதுவே. காசு கொடுத்தும் பசியோடு வருதல், குறிப்பிட்ட பேருந்தை மட்டும் தவிர்த்தல், அடிக்கடிப் பேனாவும் நோட்டும் 'தொலைந்து' போதல், ஞாயிறு மாலை வயிற்றுவலி ஆகியனவும் கவனிக்கத்தக்கன. 'உன்னை யார் அடித்தார்?' என்று கேட்டால் 'யாருமில்லை' என்றே விடை வரும். 'இன்று சாப்பிடும்போது பக்கத்தில் யார் இருந்தார்?' என்று கேட்டால் உண்மை வெளிவரும். விடை தெரிந்தபின் 'திருப்பி அடி' என்று வீரம் ஊட்டுதலும், தந்தை நேரே சென்று அடுத்த வீட்டுப் பையனைப் பிடித்து உலுக்குதலும் பிள்ளையின் நிலையை மேலும் இடர்ப்படுத்தும். பிள்ளை 'வாழவே பிடிக்கவில்லை' என்பது போல் ஒரு சொல் சொன்னால் அதனை நடிப்பென்று தள்ளலாகாது. தனியே விடாமல் உடனிருந்து, மருத்துவரையோ 14416 என்னும் மனநல உதவி எண்ணையோ அன்றே நாடவேண்டும். சிறார்க்கான உதவி எண் 1098. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வி உதவி எண் 14417.

மற்றொன்றும் இவ்வவையில் மறையாது கூறத்தக்கது. விடுதியில் சூரியன் மறையுமுன் உண்டு முடிக்கும் பிள்ளையை, கிழங்கு விலக்கும் பிள்ளையை, உடன் இருப்போர் கேலி செய்யும் செய்தி குடும்பங்களில் அடிக்கடிப் பேசப்படுகிறது. அது நேர்கிறது, வருந்தத்தக்கதே. அதே பிள்ளை, மற்றொரு பிள்ளையின் உணவுப் பாத்திரம் திறக்கப்படும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி அமரவும் கூடும். அப்போது சுற்றியிருப்போர் சிரிப்பர். அந்தச் சிரிப்பும் மேற்கூறிய 20 விழுக்காட்டைச் சேர்ந்ததே. தன் பிள்ளை சீண்டப்படுகிறதா என்று கேட்கும் பெற்றோர், தன் பிள்ளை சிரிக்கிறதா என்று கேட்பது அரிது. கைப்பேசிக் குழுவில் ஒருவரை இழிவுபடுத்தும் படம் வந்தபோது அதன் கீழே யார் யார் சிரிப்புக் குறி இட்டனர் என்று பார்த்தால், அப்பட்டியலில் தெரிந்த பெயர் ஒன்று இருக்கக்கூடும்.

பார்த்து நிற்கும் பிள்ளைக்கு வீரம் கற்பிக்க வேண்டியதில்லை. எதிர்த்துச் சண்டையிடு என்று கூறுதலும் தகாது. அதில் இடர் உண்டு. சிரிக்காமல் இருக்கலாம். 'வாடா, தண்ணி குடிக்கப் போகலாம்' என்று பாதிக்கப்பட்டவனைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லலாம். அன்று மாலை அவனிடம், 'அவன் சொன்னது சரியில்லை' என்று ஒரு வரி கூறலாம். ஆசிரியரிடம் தனியே தெரிவிக்கலாம். அது கோள் சொல்லுதல் ஆகாது. ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது கோள்; ஒருவனைக் காப்பதற்காகச் சொல்வது அறம் என்னும் வேறுபாட்டைப் பத்து வயதுப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும்.

அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். தனியார் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் உண்டு. அக்கூட்டங்களில் கட்டடம், கட்டணம், தேர்ச்சி விழுக்காடு என்பன பேசப்படுகின்றன. அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் பெற்றோர் இவ்வினாக்களையும் எடுத்துச் செல்லலாம். உணவு இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் நிற்கும் ஆசிரியர் யார்? புகார்ப் பெட்டி எங்கே உள்ளது, அதனை எந்த நாளில், யார் திறக்கின்றனர்? பெயர் எழுதாத வினாத்தாள் ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவரிடம் கொடுத்ததுண்டா? சென்ற ஆண்டு மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்ற பிள்ளைகள் ஏன் சென்றனர் என்று யாரேனும் கேட்டனரா?